எஞ்சின் மாற்றிய காரில் கிராங்க், கேம் சென்சார் ஒயரிங்: முதன்முறை செய்பவர்களுக்கு

எஞ்சின் மாற்றும் வேலையில் செயின் பிளாக் போட்டு இறக்குவது, மவுண்டிங் பொருத்துவது, கியர்பாக்ஸ் கூட்டுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலை. போல்ட் இறுகிவிட்டதா என்று கையே சொல்லிவிடும். ஒயரிங் அப்படிச் சொல்லாது. "அண்ணே, கலருக்குக் கலர் எல்லா ஒயரும் குடுத்துட்டேன், செல்ஃப் நல்லா சுத்துது, ஸ்டார்ட் மட்டும் ஆவ மாட்டேங்குது" என்று பையன்கள் போன் செய்வார்கள். அப்படி நிற்கும் வண்டியில் நான் முதலில் பார்ப்பது கிராங்க் சென்சாரையும் கேம் சென்சாரையும்தான்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் எஞ்சின் மாற்றுவது என்றால் வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான இடங்கள் தண்ணீரில் நின்றன. அடுத்து தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூர்ப் பக்கம் புகுந்தது. இந்த மாதிரி வெள்ளத்தில் நின்ற காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால், ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீர் சிலிண்டரில் அழுந்த இடமில்லாமல் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். அதைப் பிரித்துச் சரிசெய்யும் செலவைவிட பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் ஓடிய எஞ்சின் ஒன்றை வாங்கிப் போடுவது பல நேரம் மலிவு. சாதாரணக் குடும்பக் கார்களுக்கே இந்த வேலை வருகிறது. அதனால்தான் ஐடிஐ முடித்து ஒர்க்‌ஷாப்பில் சேரும் தம்பிகளுக்கும், தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று ஈசியூவுக்கு, அதாவது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டருக்கு, தெரிவது இந்த இரண்டு சென்சார் அனுப்பும் துடிப்பை வைத்துத்தான். எஞ்சினில் இருக்கும் பல்வீல் எது, ஈசியூ எதிர்பார்க்கும் பல்வீல் எது, சென்சார் எந்த வகை, இந்த மூன்றும் தெரியாமல் கட்டரைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் அளவு, அப்புறம்தான் ஒயர்.

இரண்டு சென்சார் எதற்கு

பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். அதோடு சேர்ந்து ஒரு பல்வீல் சுற்றும். ஒவ்வொரு பல்லும் சென்சார் முனையைக் கடக்கும்போது ஒரு துடிப்பு உண்டாகும். அதிகம் கண்ணில் படுவது 60-2 வீல். 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் 58 வைத்து, இரண்டை விட்டிருப்பார்கள். பல்லுக்குப் பல் 6 டிகிரி. 36-1 வீல் என்றால் 10 டிகிரி. பல் விட்டுப்போன இடம் வரும்போது, அங்கிருந்து எண்ண வேண்டும் என்று ஈசியூ புரிந்துகொள்ளும். துடிப்பு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில் வேகம் தெரிகிறது. இடைவெளியிலிருந்து எத்தனையாவது பல் என்பதில் பிஸ்டன் நிற்கும் இடம் தெரிகிறது.

ஆனால் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு முழு வேலை முடியும். ஒன்றாம் நம்பர் பிஸ்டன் மேலே வந்து நிற்கிறது என்றால், அது கம்ப்ரஷனில் வந்ததா, எக்ஸாஸ்ட்டில் வந்ததா? கிராங்க் சென்சாரால் சொல்ல முடியாது. இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒரே சுற்று சுற்றும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்தான் அதைச் சொல்லும். இதனால்தான் கிராங்க் சிக்னல் போனால் பெரும்பாலான வண்டிகளில் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் அடிக்காது. கேம் சிக்னல் மட்டும் போனால், பல வண்டிகள் கொஞ்சம் கூடுதலாகச் செல்ஃப் அடித்த பின் ஸ்டார்ட் ஆகிவிடும். சில மாடல்கள் அதற்கும் அடம்பிடிக்கும்.

எஞ்சின் வாங்கும் இடத்திலேயே முடிக்க வேண்டியவை

முடிந்தவரை எஞ்சினோடு அதே வண்டியின் ஈசியூ, எஞ்சின் ஒயரிங், சாவி, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கேளுங்கள். பின்னால் மிச்சமாகும் நேரத்தைப் பார்த்தால் கூடக் கொடுக்கும் காசு பெரிதில்லை. கிடைக்கவில்லை, உங்கள் வண்டியின் ஈசியூவையே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால், எஞ்சின் பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெயருள்ள எஞ்சினில்கூட வருடம் மாறும்போது பல்வீலும் சென்சாரும் மாறுவது உண்டு.

பல்வீல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். முன்பக்கம் கிராங்க் புல்லியை ஒட்டி இருக்கலாம், பின்பக்கம் ஃபிளைவீல் விளிம்பில் இருக்கலாம், சில எஞ்சின்களில் பிளாக்குக்கு உள்ளேயே இருக்கும். ஃபிளைவீலில் இருக்கும் வகைதான் ஆளைக் கவிழ்க்கும். பழைய கிளட்ச் செட் நன்றாக இருக்கிறதே என்று பழைய ஃபிளைவீலைப் புது எஞ்சினில் மாட்டிவிடுவார்கள். அதோடு பல் கணக்கும் மாறிவிடும். ஒயரில் எவ்வளவு தேடினாலும் கோளாறு கிடைக்காது. கியர்பாக்ஸ் ஏற்றும் முன்பே சாக்பீஸால் ஒரு பல்லில் குறி போட்டு, இரண்டு எஞ்சினிலும் பல்லை எண்ணி எழுதிவையுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்றாம் நம்பர் பிஸ்டனை டிடிசியில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) நிறுத்தி, விட்டுப்போன பல்லின் இடத்திலிருந்து சென்சார் வரை எத்தனை பல் இருக்கிறது என்று இரண்டிலும் பார்க்க வேண்டும். அதுவும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால், பழைய எஞ்சினின் வீலும் சென்சாரும் புதியதில் ஏறுமா என்று பாருங்கள். ஏறாவிட்டால் அந்த எஞ்சினுக்கான ஈசியூவைத் தேட வேண்டியதுதான். கேம் பக்கமும் இதே கதை. கேமில் இருக்கும் பல் அல்லது வெட்டு எத்தனை, எந்த வடிவம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புது எஞ்சின் ஓடி, நாலு நாள் நின்று ஸ்டார்ட் ஆகும்வரை பழைய எஞ்சினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் சென்சார், பிராக்கெட், கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்) ஒவ்வொன்றும் இந்த வேலைக்கு உதவும்.

எஞ்சின் நம்பர் எழுதிய பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்தோடு வண்டி ஒத்துப்போக வேண்டும் என்கிறது. வண்டி பிஒய் பதிவாக இருந்தாலும், கடலூரின் டிஎன் 31 ஆக இருந்தாலும், வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிப் புது எஞ்சின் நம்பரை ஆர்சியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரர் கேட்கப்போவதும் அந்தக் காகிதத்தைத்தான்.

சென்சார் எந்த வகை

புழக்கத்தில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று விஆர் வகை. உள்ளே காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் மட்டும். வெளியிலிருந்து கரண்ட் எதுவும் வேண்டாம், பல் கடக்கும்போது தானே ஏசி வோல்ட்டேஜை உண்டாக்கும். மெதுவாகச் சுற்றினால் குறைவாக, வேகமாகச் சுற்றினால் அதிகமாக வரும். இன்னொன்று ஹால் வகை. இதற்கு சப்ளை, எர்த், சிக்னல் என்று மூன்று ஒயர். எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் சிக்னல் ஒழுங்காக மேலேயும் கீழேயும் மாறும். பழைய ஜப்பானிய எஞ்சின்கள் சிலவற்றில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் துளையிட்ட தட்டும் ஒளியும் வைத்துச் செய்த சென்சார் உண்டு. ஒயரிங்கைப் பொறுத்தவரை அதையும் ஹால் மாதிரியே நடத்தலாம்.

இரண்டு பின் இருந்தால் விஆர், மூன்று பின் இருந்தால் ஹால் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை முழுதாக நம்பாதீர்கள். விஆர் சென்சாரிலும் மூன்றாவது பின் வரும், அது ஷீல்டுக்கானது, அதாவது வெளிக் குறுக்கீடு புகாமல் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக உறைக்கானது. ஸ்குரூடிரைவர் முனை ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் உதவாது, ஏனென்றால் ஹால் சென்சார் பலவற்றின் உள்ளேயும் காந்தம் இருக்கிறது.

மீட்டரில் ஓம் வைத்துப் பாருங்கள். சென்சார் கழற்றித் தனியாக இருக்க வேண்டும், கப்ளர் மாட்டியிருக்கக் கூடாது. ஏதோ இரண்டு பின்னுக்கு இடையில் சில நூறு ஓமிலிருந்து இரண்டாயிரம் ஓம் வரைக்குள் ஓர் அளவு நிலையாகக் காட்டி, மீட்டர் ஒயரை மாற்றிப் பிடித்தாலும் அதே அளவு வந்தால், அது சுருள், அதாவது விஆர். மூன்றாவது பின் இரண்டோடும் தொடர்பே இல்லாமல் ஓபனாக இருந்தால் அது ஷீல்டு. அளவு நிலைக்காமல் ஓடினாலோ, மாற்றிப் பிடிக்கும்போது வேறாக வந்தாலோ ஹால் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹால் சென்சார் நல்லதா கெட்டதா என்று ஓம் மீட்டரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதைக் கரண்ட் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கப்ளரில் எந்தப் பின் எது

ஒயர் கலரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே கம்பெனி வண்டியிலேயே மாடலுக்கு மாடல் கலர் மாறும். அதற்கும் மேலே, நமக்கு முன்னால் கைவைத்த ஆள் கையில் கிடைத்த ஒயரை ஒட்டுப்போட்டிருப்பார். அந்த வண்டிக்கான ஒயரிங் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, சென்சார் கப்ளரிலிருந்து ஈசியூ கப்ளர் வரை ஒவ்வொரு ஒயருக்கும் கன்டினியூட்டி, அதாவது இடையில் அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். ஈசியூ கப்ளரையும் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த ஒயர் பக்கத்து ஒயரோடும் பாடியோடும் ஒட்டவில்லை என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் ஈசியூ கப்ளரின் பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். கப்ளரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒயரின் தோலைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள். உள்ளே செம்பு பளபளப்பாக இருக்க வேண்டும். கறுத்துப்போயிருந்தால் தண்ணீர் ஒயருக்குள் ஏறியிருக்கிறது. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுங்கள்.

ஹால் சென்சாராக இருந்தால் அடுத்தது வோல்ட்டேஜ். பேட்டரியும் ஈசியூ கப்ளரும் மாட்டி, சென்சார் கப்ளரை மட்டும் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து மூன்று பின்னையும் பாருங்கள். ஒன்றில் சப்ளை வரும். அது 5 வோல்ட்டாகவும் இருக்கலாம், மெயின் ரிலே வழியாக வரும் 12 வோல்ட்டாகவும் இருக்கலாம். இன்னொன்று எர்த். மூன்றாவது சிக்னல். சிக்னல் பின்னில் சென்சார் இல்லாமலேயே பெரும்பாலும் 5 வோல்ட் காட்டும், ஏனென்றால் ஈசியூ உள்ளிருந்து அந்த ஒயரை மேலே இழுத்து வைத்திருக்கும். சென்சார் அதைக் கீழே எர்த்துக்கு இறக்கிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு பின்னில் 5 வோல்ட் காட்டுகிறதே என்று குழம்ப வேண்டாம். ஒரு சிறிய பல்பைப் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பார்க்கிறேன் என்றும் இறங்காதீர்கள், ஈசியூவின் சப்ளை பாழாகும். படத்தைப் பார்த்துத்தான் எது சப்ளை, எது சிக்னல் என்று பிரிக்க வேண்டும்.

சென்சார் கேட்பது 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதில் சந்தேகம் இருந்தால் மாட்டாதீர்கள். 5 வோல்ட் சென்சாருக்கு 12 கொடுத்தால் சென்சார் போகும், சில நேரம் சிக்னல் ஒயர் வழியாக ஈசியூவுக்கும் பாதிப்பு வரும். பல வண்டிகளில் அந்த 5 வோல்ட் லைனைத்தான் த்ராட்டில் சென்சாரும், இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும் பங்குபோடுகின்றன. அதனால் ஒரு சென்சாரின் சப்ளையை எர்த்தோடு தொடவிட்டால் ஈசியூவைப் படிக்கும் ஸ்கேனரில் சம்பந்தமில்லாத நாலைந்து பிழைக் கோடு (code) ஒன்றாக வந்து நிற்கும்.

ஒயர் இழுப்பது

விஆர் சென்சாருக்கு முறுக்கிய இரண்டு கோர் ஷீல்டு ஒயர்தான் போட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது அது அனுப்புவது மிகச் சின்ன வோல்ட்டேஜ். பக்கத்தில் இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் பெரிய துடிப்புகளோடு ஓடுகின்றன. ஷீல்டு இல்லாத ஒயரில் அவை கலந்து, இல்லாத பல்லை இருப்பதாக ஈசியூ எண்ணிவிடும். ஹால் சென்சாருக்கு ஷீல்டு கட்டாயமில்லை என்றாலும், கம்பெனி போட்டிருந்தால் நீங்களும் போடுங்கள்.

மைக் செட்டுக்குப் போடும் ஷீல்டு ஒயர் எங்கேயும் கிடைக்கும். அதை எஞ்சின் பக்கம் கொண்டுவர வேண்டாம், சூட்டில் அதன் தோல் இளகிவிடும். வெப்பம் தாங்கும் ஆட்டோமோட்டிவ் ஷீல்டு கேபிளைக் கேட்டு வாங்குங்கள். உள்ளூரில் கிடைக்காவிட்டால் பழைய எஞ்சின் ஒயரிங்கிலேயே கிராங்க் சென்சாருக்கான துண்டை முழுதாக வெட்டி எடுத்துக்கொள்ளலாம். சில நேரம் கடையில் கிடைப்பதைவிட அது தரமாக இருக்கும்.

ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டும். படத்தில் அதற்கென்று ஒரு பின் காட்டியிருந்தால் அங்கே. இல்லாவிட்டால் சென்சார் எர்த் பின்னில். சென்சார் முனையில் ஷீல்டை வெட்டி, ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். இரண்டு முனையையும் எர்த் செய்தால் நல்லதுதானே என்று தோன்றும். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில், செல்ஃப் அடிக்கும் நேரத்தில் சிறிய வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்கும். இரண்டு பக்கமும் கட்டினால் அந்தக் கரண்ட் ஷீல்டு வழியாகவே ஓடும். காக்க வேண்டிய ஷீல்டே மின் குறுக்கீட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். அதே காரணத்துக்காக, சென்சார் எர்த்தை அருகில் இருக்கும் போல்ட்டில் மாட்டாதீர்கள். ஈசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கே கொண்டுபோங்கள்.

இணைப்பு போடும் இடத்தில் முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கடற்கரையோரம் நாம் ஓட்டுகிறோம். பீச் ரோடு, ஈசிஆர், கடலூர் ஓல்டு டவுன் துறைமுகம் பக்கமெல்லாம் காற்றிலேயே உப்பு இருக்கிறது. டேப்புக்குள் புகுந்த ஈரம் வெளியேறாது. கொஞ்ச நாளில் செம்பு பச்சை பூத்து ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். வெயில் காலத்தில் ஓடிய வண்டி ஐப்பசி மழையில் மிஸ்ஸிங் ஆகும். உலோகக் குழலை ஒயர்மேல் அழுத்தி ஒழுங்காக கிரிம்ப் செய்து, உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். சால்டர் வைத்தாலும் சரிதான். ஆனால் சால்டர் ஏறிய இடம் விறைப்பாகிவிடும், அதிர்வில் அங்கேயே முறியும். அதனால் அந்த இடம் ஆடாமல் பக்கத்திலேயே ஒரு கிளிப் அடியுங்கள். இரண்டு ஒயரின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றை ஓர் அங்குலம் முன்னே தள்ளி வையுங்கள்.

போகிற வழியும் முக்கியம். காயில், பிளக் ஒயர், செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் ஆகியவற்றுக்கு அருகே சேர்ந்து ஓடவிடாதீர்கள். கடந்தே ஆக வேண்டும் என்றால் குறுக்கே கடக்கட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலகி, நகரும் பெல்ட்டிலிருந்து விலகிப் போக வேண்டும். எஞ்சின் ஆடும் அளவுக்கு ஒயரில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். கப்ளருக்கு முன்னால் ஒயர் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறுவதுபோல் வளைத்துவிட்டால், ஒயர் வழியாக வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கப்ளரின் ரப்பர் சீல் கிழிந்திருந்தால் கப்ளரையே மாற்றுங்கள்.

இன்னொரு வேலை எஞ்சின் மாற்றிய வண்டியில் அடிக்கடி விட்டுப்போகும்: எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை. அது இல்லாவிட்டால் செல்ஃப் கரண்ட் சின்னச் சின்ன ஒயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். பேட்டரி மைனஸில் மீட்டரின் ஒரு முனை, எஞ்சின் பிளாக்கில் இன்னொரு முனை வைத்துச் செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தை முதலில் சரிசெய்யுங்கள்.

விஆர் சென்சாரின் பிளஸ், மைனஸ்

ஹால் சென்சாரில் ஒயர் மாறினால் வேலையே செய்யாது. விஆரில் மாறினால் அரைகுறையாக வேலை செய்யும், அதுதான் தொல்லை. துடிப்பு தலைகீழாகப் போவதால் பல்லின் நடுவைப் பிடிக்க வேண்டிய ஈசியூ பள்ளத்தின் நடுவைப் பிடிக்கும். 60-2 வீலில் அது 3 டிகிரி தள்ளிப்போவது. பல் விட்டுப்போன இடத்தையும் தவறாகப் படிக்கும். சில வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. சிலது ஸ்டார்ட் ஆகி, வேகம் ஏறும்போது ஆர்பிஎம் முள் குதித்து வெட்டும்.

பழைய ஈசியூவோடு ஓட்டுபவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. பழைய எஞ்சினின் சென்சாரை எடுத்து, மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டு பின்னிலும் மாட்டுங்கள். முள் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தடித்த ஸ்குரூடிரைவர் முனையைச் சென்சாரின் மூக்கருகே சட்டென்று கொண்டுபோங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும்; விலக்கும்போது எதிர்ப்பக்கம் துள்ளும். முனை நெருங்கும்போது எந்தப் பின் பிளஸ் ஆகிறது, அந்தப் பின் ஈசியூவின் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். புது சென்சாரிலும் அதையே செய்து, நெருங்கும்போது பிளஸ் ஆகும் பின்னை அதே ஈசியூ பின்னுக்குக் கொடுத்துவிடுங்கள். ஈசியூ பழைய சென்சாரோடு சரியாக ஓடிக்கொண்டிருந்ததால் இந்தக் கணக்கு தப்பாது.

சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. கையடக்கமான மலிவு ஸ்கோப்புகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. இந்தத் தொழிலில் நிலைக்க நினைப்பவர் இரண்டு சேனல் உள்ளதாக ஒன்று வாங்கிவிடலாம். ஒரு சேனலில் கிராங்க், இன்னொன்றில் கேம் என்று மாட்டிச் செல்ஃப் அடித்தால் சீரான அலைகளும், பல் விட்டுப்போன இடத்தில் ஒரு வெறுமையும், அதற்கு எதிரே கேமின் துடிப்பும் ஒரே திரையில் தெரியும். வெறுமைக்கு அடுத்து வரும் முதல் அலை மேலே எழுகிறதா, கீழே இறங்குகிறதா என்பதில் பிளஸ் மைனஸ் தெரிந்துவிடும்.

சாவியைத் திருப்பும் முன்

சென்சார் இடத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ஓ-ரிங் மடங்கியோ, அழுக்கு சேர்ந்தோ இருந்தால் ஒரு மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கும், அதுவே விஆருக்கு அதிகம். பிராக்கெட்டில் நிற்கும் வகையில், சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (அளவெடுக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள், 0.5 முதல் 1.5 மி.மீ.க்குள் வைப்பது வழக்கம், உங்கள் எஞ்சினுக்கான அளவு மேனுவலில் இருக்கும். வீலை முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால்தான் எங்கேனும் உரசுகிறதா என்று தெரியும். மூக்கில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள்.

இனி கையால் சுற்றும் சோதனை. காயில் கப்ளர், இன்ஜெக்டர் கப்ளர் எல்லாவற்றையும் கழற்றுங்கள், ஃபியூயல் பம்ப் ரிலேயையும் எடுத்துவிடுங்கள். ஃபியூஸை உருவுவதைவிட கப்ளரைக் கழற்றுவது நல்லது, ஏனென்றால் சில வண்டிகளில் அதே ஃபியூஸ்தான் சென்சாருக்கும் கரண்ட் கொடுக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும். ஹால் சென்சாரை மாட்டி, கப்ளரின் பின்பக்கமாக சிக்னல் ஒயருக்கு மெல்லிய பின் ஒன்றைச் செருகி மீட்டரில் பிடியுங்கள். இக்னிஷன் ஆன். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். பெரும்பாலான எஞ்சின்கள் புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். பழைய ஹோண்டா எஞ்சின்கள் பல இடஞ்சுழி. ஸ்பேனர் நகர நகர மீட்டரில் 5, 0, 5, 0 என்று மாறுவதைப் பார்க்கலாம். ஓர் இடத்தில் மட்டும் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் திருப்பும்வரை மாறாமல் நிற்கும். அதுதான் விட்டுப்போன பல். 5-க்கும் 0-க்கும் நடுவே 2, 3 என்று தடுமாறினால் எர்த் சரியில்லை அல்லது சிக்னல் ஒயரில் ஒட்டு சரியில்லை. கேமுக்கும் இதேபோல் பாருங்கள், கிராங்க்கை இரண்டு சுற்று திருப்ப வேண்டும்.

விஆர் சென்சாரை இப்படிக் கையால் சுற்றிப் பார்க்க முடியாது. அந்த வேகத்தில் வோல்ட்டேஜ் வராது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்குக் குறையாமல் வர வேண்டும். பேட்டரி இறங்கியிருந்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், சிக்னலும் குறையும். அதைச் சென்சார் கோளாறு என்று எண்ணிப் புது சென்சார் வாங்கியவர்கள் நிறைய. நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரியோடு மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

அப்புறம் ஸ்கேனரை மாட்டி, லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 150 முதல் 300 வரை ஓர் எண் காட்டினால் ஈசியூவுக்குக் கிராங்க் தெரிகிறது. சுழியமாகவே நின்றால் தெரியவில்லை. பி0335 கோடு வந்தால் கிராங்க் சர்க்யூட், பி0340 என்றால் கேம் சர்க்யூட். பி0016 வந்தால் ஒயரைக் குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கிராங்க்கும் கேமும் இரண்டும் தெரிகின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று ஈசியூ சொல்கிறது. டைமிங் செயின் அல்லது பெல்ட் ஒரு பல் தள்ளியிருக்கலாம், பல்வீல் மாறியிருக்கலாம். கவரைக் கழற்றி மார்க்கைப் பாருங்கள்.

தனியாக வாங்கிப் போடும் புரோகிராம் செய்யக்கூடிய ஈசியூ என்றால், பல் எண்ணிக்கை, விட்ட பல், விஆரா ஹாலா, சிக்னல் ஏறும்போது எண்ணுவதா இறங்கும்போதா என்று எல்லாவற்றையும் நீங்களே உள்ளே கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு டைமிங் லைட் வைத்து, ஈசியூ சொல்லும் டிகிரியும் புல்லியில் தெரியும் டிகிரியும் ஒன்றா என்று பார்க்காமல் ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. அங்கே விடும் தவறு பிஸ்டனில் போய் முடியும்.

ஸ்டார்ட் ஆன பிறகு

எல்லாம் ஒத்துப்போனால் பிளக், கப்ளர், ரிலே எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கிராங்க், கேம் ஒயரைக் கையால் லேசாக அசைத்துப் பாருங்கள், பெல்ட்டும் ஃபேனும் இல்லாத பக்கமாக. ஐடில் தடுமாறினால் அந்த ஒட்டு சரியில்லை. சில மாடல்களில் வீல் மாறியதைப் புதிதாகப் படித்துக்கொள்ளச் சொல்லி ஸ்கேனரில் ஒரு ரீலேர்ன் செய்ய வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் விட்டால் வண்டி ஓடும், செக் லைட் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

எந்த ஒயர் எந்தப் பின்னுக்குப் போகிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எந்த வண்டியின் சென்சார் என்பதை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். நாளைக்கு வேறொரு மெக்கானிக் இந்த வண்டியைத் திறப்பார். அவருக்கு அது போதும்.

கடைசியாகச் சூடு. காலாப்பட்டு தாண்டி ஈசிஆரில் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் நிறுத்தி, பானெட்டைத் திறக்காமல் பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில்தான் சென்சார் அதிகமாகச் சூடாகும், காற்றோட்டம் இல்லாததால். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆகவில்லை என்றால், ஸ்கேனரில் ஆர்பிஎம் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஈரத்துணியைக் கிராங்க் சென்சார் மேல் கொஞ்ச நேரம் போட்டு ஆறவிட்டு மறுபடி செல்ஃப் அடியுங்கள். இப்போது ஸ்டார்ட் ஆனால் சென்சார்தான் சூட்டில் ஓபன் ஆகிறது. சென்சாரை மாற்றுங்கள், ஒயரிங்கைப் பிரிக்க வேண்டாம்.